அச்சுப் பிழைக் காசும் அடிபட்ட காசும்

வேலூரில் பழைய காசு வாங்கி விற்பது என் தொழில். கைபேசியில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, காசைத் துணியில் முடிந்து கொண்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். "அண்ணா, இது மிஸ்பிரிண்ட்டாம், எவ்ளோ போவும்?" என்பதுதான் முதல் கேள்வி. பெரும்பாலும் அது பிழை இல்லை. புழக்கத்துக்கு வந்த பிறகு நசுங்கியதோ, யாரோ வேண்டுமென்றே வேலை பார்த்ததோதான்.

நாணயச்சாலையில் வெற்று வில்லையை ஒரு வளையத்துக்குள் வைத்து, மேலும் கீழும் அச்சால் அழுத்துகிறார்கள். அந்த அழுத்தத்தில் உலோகம் ஓடி அச்சின் பள்ளங்களை நிரப்புகிறது. கோளாறு அந்த நொடியிலோ அதற்கு முன்போ நடந்திருந்தால்தான் அது பிழைக் காசு. வில்லை நகர்ந்து அடிபட்டால் ஒரு ஓரத்தில் படம் வெளியே போய்விடும், எதிர் ஓரம் வெறுமையாக நிற்கும். ஆனால் எடை குறையாது. தண்டவாளத்தில் வைத்து நசுக்கிய காசில் எழுத்தெல்லாம் ஒரே பக்கமாக இழுபட்டிருக்கும்.

குடியாத்தத்திலிருந்து ஒருவர் ஓரம் பிறையாகக் குறைந்த இரண்டு ரூபாய் கொண்டுவந்தார். வெட்டுப்பட்ட இடத்தைவிட அதற்கு நேர் எதிர் விளிம்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வில்லையே குறையாக வெட்டப்பட்டிருந்தால், அடிப்பதற்கு முன் வில்லையின் விளிம்பை உயர்த்தும்போது எதிர்ப்பக்கம் அழுத்தம் சரியாக விழாது. அங்கே விளிம்பு மங்கிப் போகும். அவர் காசில் எதிர் விளிம்பு முழுசாக, எடுப்பாக இருந்தது. லென்ஸை வைத்தால், குறைந்த இடத்தில் அரம் போட்ட கோடுகள் வரிசையாகத் தெரிந்தன. எழுத்து வெட்டிவிட்டது போலப் பாதியில் நின்றது. யாரிடமோ ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியிருக்கிறார். மனசு கேட்கவில்லை.

சிங்கத் தலை பள்ளமாக, இடவலம் மாறி விழுந்த காசுகளிலும் ஏமாற்று அதிகம். முந்தைய காசு அச்சில் ஒட்டிக்கொண்டு அடுத்த வில்லையில் பதிவதால் வரும் உண்மையான பிழை அது. பட்டறை வைஸில் இரண்டு காசை இறுக்கினாலும் அந்த மாதிரி ஒரு பள்ளம் வரும். ஆனால் அதன் அடியில் பழைய எழுத்து அரைகுறையாகத் தெரியும்.

ஆண்டுக்குக் கீழே உள்ள குறி, காசு எந்த நாணயச்சாலையில் அடித்தது என்று சொல்லும்: புள்ளி நொய்டா, நட்சத்திரம் ஐதராபாத், வைர வடிவம் மும்பை. கொல்கத்தா காசில் குறியே கிடையாது. "குறி விடுபட்ட காசு" என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். பத்து ரூபாயில் ₹ குறி இல்லாததும் பிழை அல்ல. அது 2011-க்கு முந்தைய வடிவம். பத்து ரூபாய் காசின் 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018-இலேயே சொல்லிவிட்டது.

நம் ஊர்ப் பக்கத்து ஆற்காடு ரூபாய்க்குக் கணக்கே வேறு. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியும் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களும்கூட ஆற்காடு பெயரில் அடித்த காசு அது. கையால் அடித்த பழைய ரூபாய்களில் அச்சு பெரிது, வில்லை சிறிது. பாதி பாரசீக எழுத்து விழாமல் போவது அதன் இயல்பு. அதற்குப் பிழை விலை கேட்டாலும் கொடுக்காதீர்கள். மேலே சராப்புகள் (காசு மாற்றுகிறவர்கள்) வெள்ளியைச் சோதிக்கக் குத்திய குறிகள் இருக்கும். அவை பின்னால் பட்டவைதான், ஆனாலும் அந்தக் காசு எத்தனை கைமாறியது என்பதற்குச் சாட்சி. எனக்கு அவற்றைப் பார்க்கப் பிடிக்கும்.

"உங்கள் காசுக்கு லட்சம் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்" என்று அழைப்பு வந்தால் உடனே துண்டியுங்கள். தன் பெயரில் இப்படி நடக்கும் மோசடி பற்றி ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. பணம் கட்டிவிட்டீர்கள் என்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குச் சொல்லுங்கள்.

சந்தேகமான காசைப் புளி போட்டோ விபூதி வைத்தோ தேய்க்காதீர்கள். தேய்த்த கீறலில் நான் தேடும் அடையாளங்கள் அழிந்துவிடும். அழுக்கோடு அப்படியே கொண்டுவாருங்கள்.