வெள்ளி இரவில் வரும் பிரிட்டிஷ் பாடல் பட்டியலைச் செவ்வாய் காலையிலேயே கணிப்பது எப்படி?

1952 நவம்பர் 14 அன்று பிரிட்டனின் முதலாவது வாராந்த இசைத்தட்டு விற்பனைப் பட்டியல் 'நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்' இதழில் வெளியானது. அதைத் தொகுத்த பேர்சி டிக்கின்ஸ், சுமார் இருபது இசைத்தட்டுக் கடைகளுக்குத் தொலைபேசி எடுத்து, அந்த வாரம் எந்தத் தட்டுகள் அதிகம் போயின என்று கேட்டுப் புள்ளி போட்டுக் கூட்டினார். 'முதல் 12' என்று தலைப்பு. சமபுள்ளிகள் வந்ததால் உள்ளே இருந்தவை 15 பாடல்கள்.

அடுத்த மாதமே, டிசம்பர் 3 இல், கொழும்பிலிருந்து 'பினாக்கா கீத்மாலா' என்ற இந்தித் திரைப்பாடல் நிகழ்ச்சி இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பில் தொடங்கியது. அறிவிப்பாளர் அமீன் சயானி பம்பாயில் பதிவுசெய்த நாடாக்கள் இங்கு வந்து, இங்கிருந்து வானலையில் இந்தியா முழுவதும் போயின. சில ஆண்டுகளில் அது தரவரிசை நிகழ்ச்சியாக மாறியபோது, இசைத்தட்டு விற்பனையோடு நேயர் மன்றங்களின் விருப்பத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு பாட்டுக்கு மவுசு கூடிக் கடையில் தட்டுத் தீர்ந்துபோனால், அந்த வாரம் அதன் விற்பனை குறைவாகத் தெரியும் என்பதே அதற்குக் காரணம். மக்கள் கேட்பது ஒன்று, கணக்கில் விழுவது இன்னொன்று என்ற இந்தச் சிக்கல் இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

அமெரிக்காவின் இசை இதழான பில்போர்ட் 1991 மே மாதம் இதை அப்பட்டமாகக் கண்டது. அதுவரை கடைக்காரர்கள் வாய்மொழியாகச் சொன்னதை நம்பி அல்பப் பட்டியல் போட்டவர்கள், காசுமேசையில் பார்கோட் படிக்கும் 'சவுண்ட்ஸ்கேன்' முறைக்கு மாறினார்கள். கன்ட்ரி இசையும் ராப் இசையும் திடீரென மேலே வந்தன. கேட்பவர்கள் ஒரே வாரத்தில் மாறிவிடவில்லை. மாறியது எண்ணும் முறை. ஆகவே பட்டியலைக் கணிக்க விரும்புபவர் பாட்டைக் கேட்பதற்கு முன் விதியைப் படிக்க வேண்டும். கணிப்பில் சறுக்குபவர்களில் அநேகர் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

எது எண்ணப்படுகிறது?

பிரிட்டிஷ் தனிப்பாடல் பட்டியலை எடுத்துக்கொள்வோம். அதன் விதிகள் வெளிப்படையானவை. கொழும்பில் ஒரு மடிக்கணினியை வைத்துக்கொண்டே பின்தொடரலாம். வாரம் வெள்ளி நள்ளிரவு 12 மணிக்குத் தொடங்கி வியாழன் இரவோடு முடியும். நமது நேரப்படி அது வெள்ளி அதிகாலை 5.30, லண்டனில் கோடைகால நேரம் நடக்கும்போது 4.30. புதுப் பாடல்கள் வெள்ளிக்கிழமை வெளியாகும் வழக்கம் 2015 ஜூலையில் உலகளவில் வந்ததிலிருந்து இந்த ஒழுங்கு நடைமுறையில் உள்ளது.

இணைய இசைச் சேவையில் ஒரு பாட்டு 30 விநாடி ஓடினால்தான் அது ஒரு ஸ்ட்ரீம். ஒருவர் ஒரே பாட்டை ஒரு நாளில் எத்தனை தடவை ஓடவிட்டாலும் 10 தடவைதான் எண்ணப்படும். கேட்பவர் பிரிட்டனில் இருக்க வேண்டும். லண்டன் ஈஸ்ட்ஹாமில் இருக்கும் மச்சான் கேட்டால் கணக்கு. வெள்ளவத்தையில் நாம் நூறு தடவை கேட்டாலும் ஒன்றுமில்லை.

2018 ஜூலை முதல், சந்தா கட்டியவர்களின் 100 ஸ்ட்ரீம்கள் அல்லது விளம்பரத்தோடு இலவசமாகக் கேட்பவர்களின் 600 ஸ்ட்ரீம்கள் ஒரு விற்பனைக்குச் சமம். இதில் ஒரு வெட்டு இருக்கிறது. 2017 ஜூலையில் கொண்டுவந்த விதிப்படி, பட்டியலில் பத்து வாரம் இருந்த பாட்டு தொடர்ந்து மூன்று வாரம் இறங்கினால் அதன் ஸ்ட்ரீம் மதிப்புப் பாதியாகும். இன்றைய அளவில் 100 என்பது 200 ஆகவும், 600 என்பது 1,200 ஆகவும் மாறும். பழைய பாடல்கள் ஆரம்பத்திலிருந்தே பாதி மதிப்பில்தான். நுணுக்கங்களை அவ்வப்போது திருத்துவார்கள் என்பதால், நடப்பு விதியை ஆண்டுக்கு இரண்டு தடவையாவது சரிபார்க்க வேண்டும்.

அந்த வெட்டு என்ன செய்யும் என்று பாருங்கள். ஒரு பாட்டுக்கு வாரத்தில் 24 இலட்சம் சந்தா ஸ்ட்ரீம், 6 இலட்சம் இலவச ஸ்ட்ரீம், 1,500 தரவிறக்கம் என்று வைப்போம். முழு மதிப்பில் 24,000 + 1,000 + 1,500, அதாவது 26,500 யூனிட் (ஒரு விற்பனைக்குச் சமமானது ஒரு யூனிட்). வெட்டு விழுந்த வாரத்தில் 12,000 + 500 + 1,500, அதாவது 14,000. கேட்பவர் ஒருவர்கூடக் குறையாமலே பாட்டு ஐந்தாம் இடத்திலிருந்து இருபதுக்குக் கீழே போய்விடலாம். அந்த வெற்றிடத்தில் மற்றவை ஒவ்வொரு படி ஏறும். எனவே உங்கள் அட்டவணையில் ஒவ்வொரு பாட்டுக்கும் 'எத்தனையாவது வாரம்', 'தொடர்ந்து எத்தனை இறக்கம்' என்ற இரண்டு நிரல்கள் கட்டாயம் வேண்டும். அவை இல்லாமல் போடும் எந்தக் கணிப்பும் மாதத்தில் ஒரு தடவையாவது மோசமாகக் கவிழும்.

எதிர்த்திசையிலும் இது நடந்திருக்கிறது. பிரிட்டிஷ் பாடகி கேட் புஷ்ஷின் 1985 ஆம் ஆண்டுப் பாடல் ஒன்று, தொலைக்காட்சித் தொடரொன்றில் ஒலித்ததால் 2022 இல் மீண்டும் பரவியது. முதலில் அது பாதி மதிப்பில்தான் எண்ணப்பட்டது. பட்டியலைத் தொகுக்கும் நிறுவனம் விதிவிலக்கு அளித்து முழு மதிப்புக்கு மாற்ற, ஜூன் மாதத்தில் அது முதலாம் இடத்தைப் பிடித்தது.

இன்னொரு விதி, முதன்மைப் பாடகர் ஒருவருக்கு மூன்று பாடல்களுக்கு மேல் இடமில்லை என்பது. 2017 மார்ச்சில் எட் ஷீரனின் 16 பாடல்கள் ஒரே வாரத்தில் முதல் 20 இடங்களுக்குள் நிறைந்தன. அதற்குப் பிறகு வந்த விதி இது. பெரிய அல்பம் வெளியாகும் வாரத்தில் ஸ்பொட்டிஃபை இசைச் சேவையின் பட்டியலை அப்படியே பார்த்து எழுதுபவர்கள் இங்கே மாட்டிக்கொள்வார்கள். முதல் மூன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தை அழித்துவிட்டுத்தான் இடங்களை எண்ண வேண்டும்.

இருக்கிற பாடல்களைக் கணிப்பது

இடத்தைக் கணிக்காதீர்கள், யூனிட்டைக் கணியுங்கள். முதலாம் இரண்டாம் இடங்களுக்கிடையே பல ஆயிரம் யூனிட் இருக்கலாம். 35 க்கும் 40 க்கும் இடையில் சில நூறுதான் இருக்கும். கீழே ஐந்து இடம் தவறுவது சின்னப் பிழை, மேலே ஓர் இடம் தவறுவது பெரிய பிழை. யூனிட்டில் வேலை செய்தால்தான் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

ஸ்பொட்டிஃபை ஒவ்வொரு நாளும் நாடுவாரியாக முதல் 200 பாடல்களின் ஸ்ட்ரீம் எண்ணிக்கையை வெளியிடுகிறது. மூலப்பொருள் அதுதான். வெள்ளி முதல் திங்கள் வரையான நான்கு நாள் கூட்டுத்தொகையை, கடந்த வாரத்தின் அதே நான்கு நாள் தொகையால் வகுங்கள். கடந்த வாரம் முழுவதும் 30 இலட்சம், அதன் முதல் நான்கு நாள் 17,40,000, இந்த வார நான்கு நாள் 16,00,800 என்றால் விகிதம் 0.92. வாரம் முழுவதற்குமான கணிப்பு 27,60,000. அதே கிழமைகளை அதே கிழமைகளோடு ஒப்பிடுவதால், வெள்ளி உயர்வதும் ஞாயிறு சரிவதும் தாமாகவே கழிந்துபோகும். நேற்றைய எண்ணை ஏழால் பெருக்குபவர்களுக்கு இந்த வசதி இல்லை.

ஸ்பொட்டிஃபை மட்டும் சந்தை இல்லை. அப்பிள், அமேசான், யூடியூப் எல்லாம் கணக்கில் சேரும், ஆனால் அவற்றின் பிரிட்டன் எண்ணிக்கை நமக்கு முழுமையாகக் கிடைக்காது. பட்டியல் நிறுவனம் முதலிடப் பாட்டின் யூனிட் தொகையைச் செய்தியில் அடிக்கடி சொல்வதுண்டு. அதை வைத்து அளவு பிடிக்கலாம். பாட்டு 50,000 யூனிட் எடுத்தது, ஸ்பொட்டிஃபையில் அதற்கு 35 இலட்சம் என்றால், ஒரு யூனிட்டுக்கு 70 ஸ்பொட்டிஃபை ஸ்ட்ரீம். இந்த எண் எல்லாப் பாட்டுக்கும் ஒன்றல்ல. வீட்டு ஸ்பீக்கரில் ஓடும் நடுவயதினரின் பாடல்களுக்கு அது குறைவாக இருக்கும். ஸ்பொட்டிஃபையின் பெரிய பிளேலிஸ்ட் ஒன்று மட்டுமே தூக்கிவிடும் பாடல்களுக்குக் கூடுதலாக இருக்கும். பாட்டின் வகையைப் பார்த்து மூன்று நான்கு தனி எண்கள் வைத்துக்கொண்டால் போதும். அதற்கு மேல் பிரித்தால், கையில் இருக்கும் தரவு அதைத் தாங்காது.

புதுவரவுகள்

உண்மையான வேலை இங்கேதான். புதுப் பாட்டுக்குக் கடந்த வாரம் என்று ஒன்று இல்லை. முதல் வெள்ளிக்கிழமையின் எண்ணும், அது எவ்வளவு வேகமாகக் கரையும் என்ற ஊகமும்தான் கையில் இருக்கும். வெள்ளிக்கிழமை 5 இலட்சம் எடுத்த இரண்டு பாடல்களை நினையுங்கள். ஒன்று நாளுக்கு 10% குறைகிறது. ஏழு நாளில் சுமார் 26,08,500 சேரும். மற்றது நாளுக்கு 20% குறைகிறது. சேர்வது சுமார் 19,75,700 தான். ஒரே தொடக்கம், ஆறு இலட்சத்துக்கு மேல் வித்தியாசம்.

எந்தப் பாட்டு எப்படிக் கரையும்? ரசிகர் படை காத்திருந்து கேட்கும் பாடல்கள் முதல் நாளிலேயே உச்சம் தொட்டுச் சரியும். டிக்டொக்கில் துண்டாகப் பரவி வந்தவை சனிக்கிழமையும் தாக்குப்பிடிக்கும். சனிக்கும் வெள்ளிக்கும் இடையிலான விகிதம் கிடைத்தவுடனே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். அதனால் சனிக்கிழமை எண் வருமுன் புதுவரவுகளைப் பற்றி உறுதியாகப் பேசுவது வீண் என்பது எமது முடிபு. அல்பப் பட்டியலில் இந்தச் சரிவு இன்னும் செங்குத்து: முன்பதிவு செய்த இறுவட்டுகளும் வைனல் தட்டுகளும் வெளியீட்டு வாரத்திலேயே கணக்கில் விழுந்துவிடும், இரண்டாம் வாரத்துக்கு அவற்றில் மிச்சம் எதுவுமிராது.

எந்தப் பாட்டு மக்களுக்குப் பிடிக்கும் என்பதை வெளியீட்டுக்கு முன்பே சொல்லிவிட முடியுமா? மத்யூ சல்கானிக், பீட்டர் டொட்ஸ், டங்கன் வொட்ஸ் ஆகியோர் 2006 இல் 'சயன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பதில். 14,341 பேருக்கு, பெயர் தெரியாத இசைக்குழுக்களின் 48 பாடல்களைக் கொடுத்தார்கள். ஒரு பிரிவினருக்கு மற்றவர் தெரிவு எதுவும் காட்டப்படவில்லை. ஏனையோர் எட்டுத் தனி 'உலகங்களாக'ப் பிரிக்கப்பட்டு, தத்தம் உலகத்தின் தரவிறக்க எண்ணிக்கையைப் பார்த்தபடி தெரிவுசெய்தார்கள். ஒரே பாட்டு ஓர் உலகத்தில் உச்சிக்கும் இன்னொன்றில் நடுவுக்கும் போனது. மிக நல்லவை அடிமட்டத்துக்கு விழுவதும் மிக மோசமானவை உச்சிக்கு ஏறுவதும் அரிது. நடுவில் எதுவும் நடக்கலாம். பாடல்களை எண்ணிக்கை வரிசையில் அடுக்கிக் காட்டியபோது ஏற்றத்தாழ்வு இன்னும் பெருத்தது. பாட்டின் ஒலியை மட்டும் வைத்து வெற்றியைச் சொல்கிறோம் என்னும் மென்பொருள்களை நம்ப முடியாததற்குக் காரணம் இதுதான்.

நம் ஊரிலேயே உதாரணம் உண்டு. 'மெனிகே மகே ஹிதே' 2020 இல் வந்த பாட்டு. யொஹானி பாடிய வடிவம் 2021 மே மாதம் யூடியூப்பில் ஏறி, அதன்பிறகுதான் இந்தியா முழுவதும் பரவியது. 2020 இன் எந்த எண்ணும் அதை முன்கூட்டிச் சொல்லியிருக்காது.

விகிதம் பொய்த்துப்போகும் வாரங்கள்

டிசம்பர் தனி உலகம். மரியா கேரியின் 1994 ஆம் ஆண்டு நத்தார்ப் பாடல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது 2020 டிசம்பரில். இத்தகைய பாடல்கள் நத்தார் தினம் வரை ஏறி, 26 ஆம் திகதி ஒரே நாளில் விழும். நான்கு நாள் விகிதம் அந்த விழுச்சியைப் பார்க்கவே பார்க்காது. அவற்றுக்கு முந்தைய ஆண்டின் அதே திகதிகளின் வளைவை எடுத்து, இந்த ஆண்டின் அளவுக்குப் பெருக்குங்கள். கிழமையை விடத் திகதி முக்கியமாகும் சந்தர்ப்பம் இது. ஜனவரி முதல் வாரங்களில் அவை மொத்தமாக வெளியேறும்போது, ஏனைய பாடல்கள் வளராமலே இருபது முப்பது இடம் தாவும்.

தமிழ்த் திரைப்பாடல்களுக்கும் இந்த முறை நேரடியாகப் பொருந்தாது. ஒரு பாட்டுக்கு முதலில் வரிக் காணொளி, பிறகு மற்றப் பாடல்களோடு சேர்ந்த வெளியீடு, பிறகு படம், பிறகு முழுக் காணொளி என்று பல உச்சங்கள். படம் திரைக்கு வரும் வாரத்தில் பழைய சரிவு விகிதம் செல்லாது. அதைப் புதுவரவாகவே கருத வேண்டும். கொழும்பில் பலரும் பார்க்கும் யூடியூப் எண் மொத்தப் பார்வை என்பதால், தினமும் ஒரே நேரத்தில் குறித்து முந்தைய நாளைக் கழிக்க வேண்டும். அதிகாலை 5.30 வசதியானது, உலக நேரத்தின் நள்ளிரவு அது. ஒரே பாட்டின் வரிக் காணொளி, முழுக் காணொளி, ஒலி மட்டும் உள்ள பதிவு மூன்றையும் கூட்டுங்கள். சில நாளில் கழித்தால் பூச்சியத்துக்குக் கீழான எண் வரும். செல்லாத பார்வைகளை யூடியூப் நீக்கியிருக்கும். அந்த நாளை வெறுமையாக விட்டு, இருபுறமும் உள்ள நாட்களின் சராசரியைப் போடலாம்.

எவ்வளவு நம்பலாம்?

ஒற்றை எண்ணாகக் கணிப்பைச் சொல்வது போதாது. உங்கள் பழைய கணிப்புகளின் வழக்கமான பிழை 6% என்று வைப்போம். 'அ' பாட்டுக்கு 50,000, 'ஆ' பாட்டுக்கு 47,000 என்று வந்தால், 'அ' முந்துவதற்கான வாய்ப்பு சுமார் 77%. 'ஆ' புதுவரவு, அதன் பிழை 15% என்றால் அதே எண்கள் சுமார் 65% வாய்ப்பைத்தான் தரும். இதை அட்டவணை மென்பொருளிலேயே செய்யலாம்: ஒவ்வொரு பாட்டின் மதிப்பீட்டையும் அதற்குரிய பிழை அளவில் தற்செயலாக ஆயிரம் தடவை அசைத்து, எத்தனை தடவை எது முதலில் வருகிறது என்று எண்ணுங்கள்.

பிரிட்டனில் பட்டியல் வெள்ளி மாலை 5.45 அளவில் வெளிவரும். நமக்கு இரவு 11.15, அவர்களின் கோடையில் 10.15. விடை வந்ததும், சொன்ன வாய்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கத்தைக் குறியுங்கள். 77% சொன்னது நடந்தால் 0.053, நடக்காவிட்டால் 0.593. பக்கத்தில் இன்னொரு நிரலில், கடந்த வார முதலிடமே தொடரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் கணிப்புக்கும் இதே மதிப்பெண்ணைப் போடுங்கள். சாதாரண வாரங்களில் அதை வெல்வது கடினம். அல்பம் வெளியாகும் வாரங்களையும் வெட்டு விழும் வாரங்களையும் தனியாகப் பிரித்து ஒப்பிட்டால், உங்கள் முறை உண்மையில் எங்கே உதவுகிறது என்பது தெரியும்.