பெருங்குடல் புற்றுநோயும் உணவும்: எந்தச் சான்றை எவ்வளவு நம்பலாம்?

பெருங்குடலின் உட்சுவரில் வளரும், நாளடைவில் புற்றாக மாறக்கூடிய சிறு கட்டியான பாலிப் ஒன்றை அகற்றி, அது புற்றுநோய் அல்ல என்ற திசுப் பரிசோதனை முடிவைச் சொன்னதும், நோயாளிகள் பெரும்பாலும் என்னிடம் கேட்பது, "இனி நான் என்ன சாப்பிட வேண்டும், டாக்டர்?" என்பதே. நியாயமான கேள்வி. ஆனால் எந்தச் சான்று எவ்வளவு உறுதியானது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் அதற்கான பதில் நேர்மையானதாக இருக்கும்.

நார்ச்சத்தின் வரலாறு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆப்பிரிக்காவில் பணியாற்றிய அறுவை மருத்துவர் டெனிஸ் பர்க்கிட், அங்கே பெருங்குடல் புற்றுநோய் அரிதாக இருப்பதற்கு நார்ச்சத்து மிகுந்த உணவே காரணமாகலாம் என்று 1971இல் எழுதினார். பின்னர், பாலிப் அகற்றப்பட்டவர்களைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி நடத்திய இரண்டு பெரிய ஆய்வுகள் 2000ஆம் ஆண்டில் வெளிவந்தன. ஒன்றில் கொழுப்பு குறைந்த, நார்ச்சத்து மிகுந்த உணவும் மற்றொன்றில் கோதுமைத் தவிடும் சோதிக்கப்பட்டன. இரண்டிலுமே புதிய பாலிப்கள் தோன்றுவது குறையவில்லை. அத்துடன் நார்ச்சத்தைக் கைவிட்டுவிடலாமா? கூடாது என்பதே என் கருத்து. ஒரு பாலிப் புற்றாக மாறுவதற்குப் பொதுவாகப் பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும்போது, மூன்று நான்கு ஆண்டுகளில் முடிந்த ஆய்வு அந்தப் பாதையின் ஒரு பகுதியை மட்டுமே பார்த்திருக்கிறது. பல நீண்டகாலக் கண்காணிப்பு ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான பகுப்பாய்வில், நாளொன்றுக்கு 10 கிராம் நார்ச்சத்து கூடும்போது நோய் அபாயம் சுமார் 10 சதவீதம் குறைவாகக் காணப்பட்டது. நார்ச்சத்தை நிறைய உண்பவர்கள் புகைப்பதும் குறைவு, உடற்பயிற்சி செய்வதும் அதிகம் என்பதால், இந்தப் பலன் முழுவதையும் உணவின் கணக்கிலேயே எழுதிவிட முடியாது. ஆகவே முழுத்தானியத்துக்கும் நார்ச்சத்துக்கும் உள்ள சான்றை 'பெரும்பாலும் உண்மை' என்ற அளவில் வைக்கிறேன்.

சாசேஜ், பேக்கன் போன்ற பதப்படுத்தப்பட்ட இறைச்சியைப் பற்றிய சான்று இதைவிட வலுவானது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2015இல் அதைப் புகையிலை இருக்கும் அதே முதல் பிரிவில் சேர்த்தபோது, இரண்டும் ஒரே அளவு ஆபத்தானவை என்று பலர் புரிந்துகொண்டார்கள். அந்தப் பிரிவு சான்றின் உறுதியைக் காட்டுகிறதே தவிர, ஆபத்தின் அளவை அல்ல. தினமும் 50 கிராம் உண்டால் அபாயம் 18 சதவீதம் கூடும் என்பதன் பொருள், நூறு பேரில் ஐந்து பேருக்கு வரக்கூடிய நோய் ஏறத்தாழ ஆறு பேருக்கு வரும் என்பதே. மதுவும் உடல் பருமனும் அபாயத்தைக் கூட்டுகின்றன என்பதற்கும் வலுவான சான்று உண்டு. உணவுப் பட்டியல் கேட்பவர்கள் இவ்விரண்டையும் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

மாத்திரைகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. மாதவிடாய் நின்ற 36,000க்கும் மேற்பட்ட பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கால்சியத்தையும் வைட்டமின் டியையும் சேர்த்துக் கொடுத்து ஏழு ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு, நோயைக் குறைத்ததாகக் காட்டவில்லை.

என்னை வருத்தும் விஷயம் ஒன்று உண்டு. மலத்தில் இரத்தம் கண்டதும், அதை மூலம் என்று தாமாகவே முடிவு செய்து, நார்ச்சத்தைக் கூட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கிறேன். நார்ச்சத்து மலச்சிக்கலைச் சரிசெய்து இரத்தத்தைச் சில நாள் நிறுத்தியும் விடலாம். உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும் கட்டியை அது கரைக்காது. பாலிப் அகற்றப்பட்டவர் எவ்வளவு ஒழுங்காக உண்டாலும், பெருங்குடலின் உள்ளே கேமரா செலுத்திப் பார்க்கும் அடுத்த கொலோனோஸ்கோப்பிக்கு மருத்துவர் குறித்துக்கொடுத்த தேதியைத் தள்ளிப்போட அந்த உணவைக் காரணமாக்கக் கூடாது.