அற்றோணித் தத்துவம்: 'பவர்' கொடுத்தால் காணி கைமாறிவிடுமா?

மட்டக்களப்பில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கலியாணத்தோடு சீதனமாக உறுதி, அதாவது காணிப் பத்திரம், அவள் பெயருக்குப் போய்விடும். இப்போது அந்த மகள் சுவிசில் இருப்பாள், கல்லடி வீட்டில் தாய் தனியாக இருப்பார். வீட்டை வாடகைக்குக் கொடுக்கவோ விற்கவோ, மகளுக்காகத் தாய் கையெழுத்து வைக்க ஒரு கடதாசி வேண்டும். அதுதான் அற்றோணித் தத்துவம். ஊரில் சொல்வது 'பவர்'.

பெயரைக் கேட்டே பலர் பயப்படுகிறார்கள். இங்கே தத்துவம் என்றால் அதிகாரம், அவ்வளவுதான். அற்றோணி என்றதும் கறுப்புக் கோட்டுச் சட்டத்தரணிதான் நினைவுக்கு வருவார். ஆனால் அது பழைய பிரெஞ்சுச் சொல். 'திருப்பிவிடு, நியமி' என்ற வினையிலிருந்து வந்து, 'நியமிக்கப்பட்டவர்' என்ற பொருளில் நின்றது. ஆகவே உங்கள் தங்கச்சியும் உங்களுக்கு அற்றோணி ஆகலாம், சட்டம் படித்திருக்கத் தேவையில்லை. நம் தாத்தாமார் சொன்ன 'பிரக்கிராசி'யும் இந்தப் பொருள்தான்: பிறர் காரியத்தைக் கவனிப்பவர், லத்தீன் வேர். சட்டத்தொழிலில் பிரக்கிராசி (proctor), அப்புக்காத்து (advocate) என்றிருந்த பிரிவை 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டம் நீக்கி, எல்லாரையும் சட்டத்தரணி ஆக்கியது.

பவருக்கான சட்டம் 1902ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். வழக்குப் பேசச் சட்டத்தரணிக்குக் கொடுக்கும் அதிகாரம் இதற்குள் வராது.

என் பெரியம்மாவிடமும் வெளிநாட்டிலுள்ள மகள் கொடுத்த ஒரு பவர் இருந்தது. வளவின் ஒரு மூலையை விற்கப் போனார். உறுதி எழுதும் நொத்தாரிசு கண்ணாடியை மாட்டிக்கொண்டு பவரை வரிவரியாக விரல் வைத்து வாசித்தார். பராமரிக்க இருந்தது, வாடகைக்குக் கொடுக்க இருந்தது, வரி கட்ட இருந்தது. 'விற்க' இல்லை. விரல் கடைசி வரியில் நின்றபோது பெரியம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. பிறகு மகள் அங்குள்ள இலங்கைத் தூதரகத்துக்குப் போய்ப் புதிதாகக் கையெழுத்திட்டு அனுப்பவேண்டி வந்தது.

அதனால் எழுதும்போதே என்னென்ன செய்யலாம், எந்தக் காணி என்று தெளிவாகக் கேட்டு எழுதுங்கள். ஒரு வேலைக்கென்றால் விசேட பவர் போதும். பொதுப் பவரில் எல்லாவற்றையும் ஒருவர் கையில் கொடுத்துவிடுகிறீர்கள், யோசித்துக் கொடுங்கள். காணி உறுதிக்கு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்பது 1840இலிருந்தே உள்ள விதி. காணி விற்கும் பவரையும் நொத்தாரிசு முன்னால் எழுதி, பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதிந்துவிடுங்கள்.

சரி, தலைப்பிலுள்ள கேள்விக்கு வருவோம். கைமாறாது. காணி மகளுடையதே, தாய் அவளுக்காகக் கையெழுத்து வைப்பவர் மட்டும். மனம் மாறினால் ரத்துச் செய்யலாம், அப்போது பதிவிலும் அதைத் தெரியப்படுத்தவேண்டும். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால், மூலப்பிரதி பெட்டியில் பத்திரமாக இருந்தாலும் அது செல்லாது. காணி அப்புறம் வாரிசுகளுடையது, புதுப் பவரை அவர்கள்தான் தரவேண்டும்.