உள்ளே போன குண்டா, வெளியே வந்த குண்டா?

துப்பாக்கிக் காயங்கள் பற்றிய வகுப்பு முடிந்ததும் கடைசி பெஞ்ச் மாணவர் ஒருவர் கைபேசியை நீட்டினார். "மேடம், இதைப் பாருங்க. கென்னடி தலை பின்னாடி போகுது. அப்படின்னா குண்டு முன்னாடியிருந்துதானே வந்திருக்கணும்?"

கோபம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. ஒரு மணி நேரம் நான் நடத்திய பாடத்தில் யாரும் இப்படி ஒரு கேள்வி கேட்கவில்லை. அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுடப்படும் அந்தக் காணொளியை வாட்ஸ்அப்பில் எனக்கே மூன்று பேர் அனுப்பியிருக்கிறார்கள், அதில் இருவர் டாக்டர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். அரசு மருத்துவக் கல்லூரியில் தடயவியல் மருத்துவம் சொல்லிக்கொடுக்கிறவள் நான். காலையில் மார்ச்சுவரி, மதியம் வகுப்பு, நடுவில் கோர்ட் சம்மன் என்று ஓடுகிற வேலை. அரசியல் எனக்குத் தெரியாது, காயம் தெரியும்.

மாணவரைத் துறை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போனேன். அங்கே ஓட்டை விழுந்த ஒரு மண்டையோடு இருக்கிறது. வெளிப்பக்கம் சுண்டுவிரல் நுனி அளவுக்குச் சுத்தமான துளை. உள்ளே விரலை விட்டுத் தடவினால் விளிம்பு சரிந்து அகன்றிருப்பது தெரியும், புனல் மாதிரி. பஸ் கண்ணாடியில் கல் பட்டால் கல் பட்ட பக்கம் ஓட்டை சின்னதாகவும் மறுபக்கம் சில்லு பெயர்ந்து பெரிதாகவும் இருக்குமே, அதே கதைதான். குண்டு எந்தப் பக்கம் நுழைந்தது என்பதை எலும்பே சொல்லிவிடும்.

1963 நவம்பர் 22, வெள்ளிக்கிழமை, மதியம் 12.30. டல்லாஸ் நகரின் டீலி பிளாசா. திறந்த காரில் போய்க்கொண்டிருந்த கென்னடியின் பின்மண்டைத் தோலில் 15 மி.மீ. நீளமும் 6 மி.மீ. அகலமும் உள்ள ஒரு காயம். அதன் கீழே எலும்பில் உள்பக்கமாக அகன்ற துளை. வலது பக்கம் முன்னால் பெரிய சிதைவு. அதாவது பின்னாலிருந்து நுழைந்து முன்னால் வெளியேறியிருக்கிறது. கென்னடியைச் சுட்டதாகக் கைதான லீ ஹார்வி ஆஸ்வால்டு இருந்ததாகச் சொல்லப்படும் டெக்சாஸ் பள்ளிப் புத்தகக் கிடங்கின் ஆறாவது தளமும் (அமெரிக்கக் கணக்கில் ஆறு, நம் கணக்கில் ஐந்தாவது மாடி) காரின் பின்பக்கம்தான் இருக்கிறது.

அப்படியானால் தலை ஏன் பின்னால் போகிறது? ஆபிரகாம் ஜப்ருடர் என்கிற ஆடை வியாபாரி 8 மி.மீ. கேமராவில் எடுத்த படம் அது. மொத்தமே 26 விநாடிகள் சொச்சம், 486 பிரேம்கள். குண்டு படும் இடம் 313-வது பிரேம். 312-க்கும் 313-க்கும் நடுவே, ஒரு விநாடியில் பதினெட்டில் ஒரு பங்கு நேரத்தில், தலை முதலில் சில சென்டிமீட்டர் முன்னால்தான் போகிறது. பின்னால் சாய்வது அதற்கு அப்புறம். வாட்ஸ்அப் காணொளிகளில் இந்த முதல் அசைவைக் காட்டுவதில்லை. அல்லது ஓட்டத்தில் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. மூளைத் திசு முன்பக்கம் பீய்ச்சி வெளியேறினால் தலை எதிர்த் திசையில் தள்ளப்படும் என்பது ஒரு விளக்கம். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் லூயிஸ் அல்வாரெஸ் முலாம்பழங்களைச் சுட்டுப் பார்த்தே இதைக் காட்டினார். மூளை சிதையும் கணத்தில் முதுகுத் தசைகள் மொத்தமாக இறுகும் என்பது இன்னொன்று. இரண்டும் சேர்ந்தும் நடந்திருக்கலாம். ஒன்று மட்டும் நிச்சயம். பத்து கிராம் எடையுள்ள குண்டு ஆளைத் தூக்கி எறியாது. அது நம் சினிமாவில் மட்டும் நடக்கும், அங்கே வில்லன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு அடுத்த கட்டடத்தில் போய் விழுவான்.

சரி, இவ்வளவு தெளிவென்றால் அறுபது வருடமாக ஏன் சந்தேகம் தீரவில்லை? அமெரிக்காவில் எடுத்த கருத்துக்கணிப்புகள் பெரும்பாலானவற்றில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சதி என்றுதான் சொல்கிறார்கள். அவர்களையெல்லாம் முட்டாள் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. காரணம், அந்தச் சந்தேகத்தில் முக்கால்வாசி எங்கள் தொழிலின் அலங்கோலத்தில் பிறந்தது.

சுடப்பட்டவரை பார்க்லேண்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் மால்கம் பெரிக்கு அப்போது 34 வயது. கழுத்தின் முன்பக்கம் ஒரு சின்னக் காயம் இருந்தது. மூச்சுக்குழாயில் குழாய் போட வேண்டும். காயம் இருக்கும் இடமே அதற்குத் தோதான இடம். அதன் குறுக்கே கத்தியை வைத்தார். உயிரைக் காப்பாற்ற நிற்கிற எந்த டாக்டரும் அதைத்தான் செய்வார். ஆனால் அந்தக் கணத்தோடு குண்டுக் காயம் அறுவைக் காயமாகிவிட்டது. நோயாளியைத் திருப்பிப் பார்க்க நேரமில்லை, முதுகுக் காயம் ஒன்று இருப்பதே அங்கே யாருக்கும் தெரியாது. மதியம் 1 மணிக்கு இறந்ததாக அறிவித்தார்கள். கொஞ்ச நேரத்தில் பத்திரிகையாளர்கள் முன்னால் பெரியை நிறுத்தினார்கள். கழுத்துக் காயம் குண்டு நுழைந்த காயம் போலத் தெரிகிறது என்று அவர் சொன்னார். முன்னாலிருந்து இன்னொருவன் சுட்டான் என்ற கதை அந்த நிமிடத்தில் பிறந்தது.

சின்னதாக, வட்டமாக இருந்தால் நுழைவு, பெரிதாகக் கிழிந்திருந்தால் வெளியேற்றம் என்று பொதுவாகச் சொல்வோம். ஆனால் இறுக்கமான காலர், பெல்ட், சுவர் என்று ஏதாவது தோலைத் தாங்கிப் பிடித்திருந்தால் வெளியேறும் காயமும் சின்னதாகவே இருக்கும். கென்னடி டை கட்டியிருந்தார், காலர் பொத்தான் போட்டிருந்தார். சட்டையின் முன்பக்கக் கிழிசலில் நூலிழைகள் வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தன. கோட்டின் முதுகுத் துளையில் உள்பக்கமாக. துணியைப் பார்க்காமல் காயத்தைப் பற்றிப் பேசாதே என்று நாங்கள் மாணவர்களிடம் தலையில் அடித்துக்கொள்வது இதனால்தான்.

அடுத்து நடந்ததுதான் பெரிய கோளாறு. டெக்சாஸ் சட்டப்படி கொலை நடந்த கவுன்டியிலேயே (நம் மாவட்டம் மாதிரி) பிரேதப் பரிசோதனை நடக்க வேண்டும். ஜனாதிபதியைக் கொல்வது மத்தியக் குற்றம் என்ற சட்டமே 1965-இல்தான் வந்தது. டல்லாஸ் கவுன்டியின் தடயவியல் மருத்துவர் ஏர்ல் ரோஸ், உடலை எடுத்துப்போகக் கூடாது என்று ஆஸ்பத்திரி நடைபாதையில் குறுக்கே நின்றார். பாதுகாப்புப் படையினர் கேட்கவில்லை. சவப்பெட்டியைத் தள்ளிக்கொண்டு விமானத்துக்குப் போய்விட்டார்கள்.

அன்றிரவு வாஷிங்டன் அருகே பெதஸ்டா கடற்படை மருத்துவமனையில் பரிசோதனை நடந்தது. ஹியூம்ஸ், பாஸ்வெல் இருவரும் நோயியல் டாக்டர்கள். நோயால் இறந்தவர்களைப் பார்த்துப் பழகியவர்கள், துப்பாக்கிக் காயம் அவர்களுடைய அன்றாடம் அல்ல. மூன்றாமவர் பின்க் ராணுவத்தில் குண்டுக் காயங்களைப் பற்றி அறிந்தவர். அவர் வந்து சேரும்போது மூளை ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது. அறை நிறைய அதிகாரிகள்.

முதுகில் ஒரு காயம். உள்ளே கம்பியை விட்டால் போகவில்லை. எக்ஸ்ரேயில் குண்டும் இல்லை. கழுத்தில் இருப்பதை டல்லாஸ் டாக்டர்கள் போட்ட வெட்டு என்று மட்டுமே நினைத்தார்கள். பார்க்லேண்டில் ஒரு ஸ்ட்ரெச்சரில் குண்டு கிடைத்த செய்தி வந்ததும், இதயத்தை அழுத்தியபோது முதுகுக் குண்டு நழுவி விழுந்திருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். கூட இருந்த எஃப்.பி.ஐ. ஆட்கள் அதை அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலையில் ஹியூம்ஸ் பெரிக்குப் போன் செய்த பிறகுதான் கழுத்தில் குண்டுக் காயம் இருந்த விஷயமே தெரிந்தது. அதற்குள் உடல் கைவிட்டுப் போய்விட்டது. கழுத்தைத் திறந்து குண்டு போன பாதையை அவர்கள் அறுத்துப் பார்க்கவே இல்லை. ஆக, எஃப்.பி.ஐ. அறிக்கை ஒன்று சொல்ல, பிரேதப் பரிசோதனை அறிக்கை வேறொன்று சொன்னது. இரண்டும் அரசாங்கக் காகிதம். படிக்கிறவன் என்ன நினைப்பான்?

அப்புறம் அந்த அளவு. முதுகுக் காயம் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பு முனையிலிருந்து 14 செ.மீ. கீழே என்று எழுதினார்கள். தலையைத் திருப்பினால், குனிந்தால், அந்த எலும்பு நகர்ந்துவிடும். அசையாத இடத்திலிருந்து அளக்க வேண்டும் என்பது முதல் நாள் பாடம். தலைக் காயத்தின் இடத்தைப் பற்றியும் பின்னாளில் எக்ஸ்ரேக்களைப் பார்த்த நிபுணர்கள் சொன்னதற்கும் முதல் அறிக்கைக்கும் 10 செ.மீ. வித்தியாசம். இதெல்லாம் போதாதென்று, ரத்தக்கறை பட்டிருந்த தன் குறிப்புகளை ஹியூம்ஸ் வீட்டுக் கணப்பில் போட்டு எரித்தார். அந்தக் கறை பட்ட காகிதம் வேடிக்கைப் பொருளாகிவிடக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம். நான் நம்புகிறேன். ஆனால் என் மாணவர் அப்படிச் செய்தால் அவருக்கு என்ன நடக்கும் என்றும் எனக்குத் தெரியும்.

இத்தனை ஓட்டைகள் இருந்தும், 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு அமர்த்திய ஒன்பது நிபுணர்களில் எட்டுப் பேர் படங்களையும் எக்ஸ்ரேக்களையும் பார்த்துவிட்டு, கென்னடியைத் தாக்கியவை இரண்டு குண்டுகள், இரண்டும் பின்னாலிருந்து என்றே முடிவு செய்தார்கள். கென்னடியின் முதுகில் நுழைந்து கழுத்தில் வெளியேறிய குண்டே அதே காரில் இருந்த டெக்சாஸ் ஆளுநர் கானலியையும் தாக்கியது என்பதை, வளைந்து வளைந்து போன 'மாயக் குண்டு' என்று கேலி செய்வார்களே, அந்தப் படங்களில் ஆளுநர் கானலியைக் கென்னடிக்கு நேர் முன்னால் உட்கார்த்தி வரைந்திருப்பார்கள். உண்மையில் அவர் உட்கார்ந்தது மடக்கு இருக்கை, கொஞ்சம் தாழ்வாக, கொஞ்சம் உள்தள்ளி. அப்படி வரைந்தால் கோடு நேராகிவிடும்.

அதே நாடாளுமன்றக் குழு, போலீஸ் வயர்லெஸ் ஒலிப்பதிவு ஒன்றை நம்பி, காருக்கு முன்னால் வலப்பக்கம் இருந்த புல்மேட்டிலிருந்தும் ஒரு வெடி வந்தது, ஆகவே சதி இருந்திருக்கலாம் என்றும் சொன்னது. 1982-இல் தேசிய அறிவியல் கழகத்தின் குழு கேட்டுப் பார்த்ததில், வெடி என்று சொல்லப்பட்ட ஒலிகள் சம்பவத்துக்குச் சுமார் ஒரு நிமிடம் கழித்துப் பதிவானவை என்று தெரிந்தது. முதல் செய்தி பரவிய அளவுக்கு இரண்டாவது பரவவில்லை.

மறைத்தார்களா என்றால், மறைத்தார்கள். கியூபத் தலைவர் காஸ்ட்ரோவைக் கொல்ல சி.ஐ.ஏ. போட்ட திட்டங்களை, கென்னடி கொலையை விசாரித்த வாரன் கமிஷனிடம் சொல்லவில்லை. ஆஸ்வால்டு டல்லாஸ் எஃப்.பி.ஐ. அலுவலகத்தில் விட்டுப்போன சீட்டை, அவர் சுடப்பட்டுச் செத்தபின் கிழித்துக் கழிவறையில் போட்டார்கள். தங்கள் அலட்சியமும் கள்ளத்தனமும் வெளியே வரக் கூடாது என்று மறைப்பது ஒன்று, கொலையை மறைப்பது வேறொன்று. ஆபீசில் வேலை பார்த்த யாருக்கும் முதலாவது எவ்வளவு சகஜம் என்று தெரியும். ஆனால் வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஆஸ்வால்டின் உடலைப் பரிசோதித்தவர் அதே ஏர்ல் ரோஸ். சந்தேகக்காரர்கள் அதையும் விடவில்லை. புதைக்கப்பட்டது ஆஸ்வால்டு அல்ல, ரஷ்ய உளவாளி என்று ஓர் எழுத்தாளர் கிளம்ப, 1981-இல் தோண்டினார்கள். பற்கள் பொருந்தின. சிறுவயதில் காதுக்குப் பின்னால் நடந்த அறுவை சிகிச்சையின் அடையாளமும் எலும்பில் இருந்தது. முடிந்ததா? 1963-இல் உடலைத் தயார் செய்த ஊழியர், மண்டையோட்டில் பரிசோதனை வெட்டே இல்லை, தலையை மாற்றிவிட்டார்கள் என்றார்.

எங்கள் மார்ச்சுவரிக்குச் சில வருடங்களுக்கு முன் கத்திக்குத்தில் இறந்த ஓர் இளைஞன் வந்தான். பார்த்தவர்கள் சொன்னது ஒரே ஒரு குத்து. உடலில் மூன்று காயங்கள். ஒன்று நெஞ்சில் குழாய் போட்ட வெட்டு. இன்னொன்று கத்திக் காயமா, சர்ஜன் போட்டதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உடலோடு கேஸ் ஷீட் வரவில்லை. ராத்திரி டூட்டி சர்ஜன் வீட்டுக்குப் போய்விட்டார். பெரி கதையை வருடா வருடம் சொல்லிக்கொடுக்கிறவள் ஆயிற்றே, கேஸ் ஷீட் வராமல், சர்ஜனிடம் பேசாமல் அறிக்கையில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். இரண்டு நாள் ஆயிற்று. அதற்குள் வெளியே, 'டாக்டரம்மா ரிப்போர்ட்டை மாத்தி எழுதுறாங்க' என்று பேச்சு.

மூன்றாம் நாள் அண்ணன்காரன் வந்தான். உட்காரவைத்து, உடல் வரைபடத்தில் மூன்று காயங்களையும் காட்டி, இது கத்தி, இது குழாய், இது ரத்தத்தை நிறுத்த டாக்டர் அகலப்படுத்தியது என்று கேஸ் ஷீட்டோடு வைத்து விளக்கினேன். பொறுமையாகக் கேட்டான். டீ வரவழைத்துக் கொடுத்தேன், குடித்தான். எழுந்து வாசல்வரை போனவன் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"எல்லாம் சரிங்கம்மா. அந்த டாக்டர் யாரு, அவங்க ஆளா?"