இரண்டு கட்டங்களுக்கு நடுவே ஒரு கெப்பாசிட்டர்

சுவிட்சிங் பவர் சப்ளையில் இரண்டு கட்டங்கள்: உள்ளீட்டு மின்னோட்டத்தைச் சீராக்கி மின்னழுத்தத்தை 390 வோல்ட் அளவுக்கு உயர்த்தும் பி.எஃப்.சி. (பவர் ஃபாக்டர் திருத்தம்), அதிலிருந்து வெளியீட்டைத் தரும் பி.டபிள்யூ.எம். (துடிப்பு அகலக் கட்டுப்பாடு). இரண்டையும் ஒரே ஐசி கவனித்துக்கொண்டால், நடுவில் ஆற்றலைச் சேமித்து நிற்கும் பல்க் கெப்பாசிட்டரைச் சிறிதாக்கிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை.

தனித்தனி ஐசிகளில் இரண்டு கட்டங்களின் மாஸ்ஃபெட்டுகளும் (சுவிட்சாக வேலைசெய்யும் டிரான்சிஸ்டர்கள்) ஒத்திசைவில்லாமல் இயங்கும். பி.எஃப்.சி.யிலிருந்து பல்க்குக்கு வழிவிடும் பூஸ்ட் டயோடு மின்னோட்டம் தரும் நேரத்தில் அடுத்த கட்டம் பல சமயம் வாங்காது. வாங்கும் நேரத்தில் டயோடு பல சமயம் தராது. கொடுக்கல் வாங்கலில் பெரும்பகுதி கெப்பாசிட்டர் வழியாகவே நடந்து, அது சூடாகும். கூட்டு ஐசியில் ஒரே கடிகாரத் துடிப்பில் பி.எஃப்.சி. மாஸ்ஃபெட் அணைகிறது, பி.டபிள்யூ.எம். மாஸ்ஃபெட் கடத்தத் தொடங்குகிறது. டயோடு தரும் மின்னோட்டத்தில் ஒரு பகுதி கெப்பாசிட்டரைத் தொடாமல் நேராக அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். உயர் அதிர்வெண் ரிப்பிள் (ஏற்ற இறக்க அலை) குறைவதால் வெப்பமும் குறையும்.

குறையாதவை இரண்டு: 100 ஹெர்ட்ஸ் ரிப்பிளும், மின்சாரம் ஒரு சுற்று விட்டுப்போனால் தாங்கவேண்டிய நேரமும். 300 வாட் வெளியீடு, இரண்டாம் கட்டத்தின் திறன் 90 சதவீதம் என்றால் பல்க்கிலிருந்து 333 வாட் போகிறது. மின்சாரம் விட்டுப்போனபின் பல்க் 390 வோல்ட்டிலிருந்து, இரண்டாம் கட்டம் ஓடக்கூடிய கீழ் எல்லையான 300க்கு இறங்க 20 மில்லிவினாடி ஆகவேண்டுமானால் 215 மைக்ரோஃபாரட் வேண்டும். எலக்ட்ரோலிட்டிக்கில் 20 சதவீதம் குறைவு சகஜம்; ஆக 270 மைக்ரோஃபாரட், 450 வோல்ட், 105 டிகிரி வெப்பம் தாங்குவது. அப்போதும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் முழுச் சுமையில் உச்சிக்கு உச்சி 10 வோல்ட் ரிப்பிள் இருக்கும். 400 வோல்ட் கெப்பாசிட்டர் கைவசம் இருக்கிறதென்று மாட்டுவது வெடிக்கு நாள் குறிப்பதுதான்.

இந்த ரிப்பிளைத் துரத்தக்கூடாது என்பதால் பி.எஃப்.சி.யின் வோல்டேஜ் லூப்பை, அதாவது பல்க் மின்னழுத்தத்தைப் பார்த்துத் திருத்தும் சுற்றின் வேகத்தை, 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே வைப்பார்கள். வேகப்படுத்தினால் உள்ளீட்டு மின்னோட்டத்தில் மூன்றாம் ஹார்மோனிக் (மூன்று மடங்கு அதிர்வெண் கொண்ட திரிபு) ஏறும். மெதுவான லூப்பின் விலை: சுமை திடீரென்று விலகினால் பல்க் மேலே எகிறும். அங்கேதான் ஓவர்வோல்டேஜ் பாதுகாப்பு வேண்டும்.

ஆனால் அந்தப் பாதுகாப்பும் ஏமாறும். ஐசி பல்க்கை அளக்கும் ஃபீட்பேக் பின்னுக்கு 390 வோல்ட்டை 2.5 ஆக்க, மேலே மூன்று 1 மெகாஓம் ரெசிஸ்டர்கள், கீழே ஏறத்தாழ 19.35 கிலோஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் வரிசை வயதாகி 3.3 மெகாஓம் ஆனால் ஐசி தன் கணக்கில் சரியாக 2.5 வோல்ட்டைத்தான் பார்க்கும். பல்க்கிலோ 429 வோல்ட் நிற்கும். பல ஐசிகளில் ஓவர்வோல்டேஜைக் கவனிக்கும் கம்பேரேட்டரும் (ஒப்பிடும் சுற்று) அதே பின்னையே பார்ப்பதால் அதுவும் வாய் திறக்காது. மாஸ்ஃபெட் அடிக்கடி போகும் போர்டில் ஐசியை மாற்றுவதற்கு முன் இந்த ரெசிஸ்டர்களைக் கழற்றி அளக்கவேண்டும்.

தொடக்க வரிசையும் முக்கியம். பல்க் இலக்கை நெருங்கும்வரை பி.டபிள்யூ.எம். காத்திருக்கவேண்டும். முந்திக்கொண்டால், மின்னழுத்தம் குறைவு என்பதால் கூடுதல் மின்னோட்டம் இழுக்கும். பல்க் மேலே ஏறாமல் சப்ளை விட்டுவிட்டு இயங்கும்.

230 வோல்ட் உள்ளீட்டில் பல்க் 325 காட்டினால் பி.எஃப்.சி. ஓடவில்லை, டயோடு மட்டும் நிரப்புகிறது. 390 அருகே என்றால் ஓடுகிறது. சில வடிவமைப்புகள் ஸ்டாண்ட்பையில் பி.எஃப்.சி.யை நிறுத்திவிடும், சுமை போட்டே அளக்கவும். அணைத்த பிறகும் 20 ஜூல் அங்கே காத்திருக்கும்: 2.2 கிலோஓம், 10 வாட் கம்பிச்சுற்று ரெசிஸ்டரை மூன்று வினாடிக்கு மேல் வைத்து, மீட்டரில் பார்த்துவிட்டே கை வைக்கலாம்.

உள்ளீட்டுக்குத் தொடராக ஒரு பல்பை மாட்டி ஷார்ட் இருக்கிறதா என்று பார்க்கும் சீரீஸ் பல்பு சோதனை இங்கே குழப்பும். மின்னழுத்தம் இறங்க இறங்க பி.எஃப்.சி. அதிக மின்னோட்டம் கேட்கும், பல்பு பிரகாசமாகும், சப்ளை அணைந்து மறுபடி தொடங்கும். பல்பு மினுக்குவதை மட்டும் வைத்து ஷார்ட் என்று முடிவுகட்ட முடியாது.