ஆறு கரண்டியிலும் ஒரே கீறல்

1790 வாக்கில் லண்டனில் செய்தவை என்று சொல்லி ஆறு வெள்ளிக் கரண்டிகள் விலைக்கு வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். காம்பின் பின்பக்கம் நடக்கும் சிங்கம், சிறுத்தைத் தலை, ஆண்டு எழுத்து, அரசர் தலை, செய்தவரின் பெயரெழுத்து என எல்லா முத்திரையும் இருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால், ஆறிலும் சிங்கத்தின் வாலருகே ஒரே கீறல், ஒரே சாய்வில். சரி, விற்பவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம்.

அந்தக் காலத்தில் முத்திரையை ஒவ்வொரு கரண்டியிலும் தனித்தனியாக அடித்தார்கள். ஒரு கரண்டியில் முத்திரை கொஞ்சம் சாய்ந்திருக்கும், இன்னொன்றில் செய்தவரின் எழுத்துக்கும் மற்ற முத்திரைகளுக்கும் நடுவே இடைவெளி கூடியிருக்கும். அசல் கரண்டி ஒன்றை அச்செடுத்து வெள்ளியை ஊற்றினால், அதன் முத்திரையோடு கீறலும் சேர்ந்தே நகலாகும். உருகிய வெள்ளி இறுகும்போது சுருங்குவதால் நகலின் முத்திரை ஒரு நூல் சிறியதாகவும், ஓரங்கள் மழுங்கியும், பள்ளங்களில் ஊசிமுனை போன்ற துளைகளோடும் இருக்கும்.

நம் நகைக்கடைகளில் சொல்கிற ‘ஹால்மார்க்’ பிறந்ததே லண்டன் பொற்கொல்லர் சங்கத்தின் ‘ஹால்’ என்ற கட்டடத்தில்தான். சிறுத்தைத் தலை முத்திரை 1300இல் வந்தது, ஆண்டு எழுத்து 1478இல், சிங்கம் 1544இல். அரசர் தலை வரி கட்டியதற்கான அடையாளம். 1784 முதல் 1890 வரை மட்டுமே அடித்தார்கள். 1750 என்று சொல்லும் கரண்டியில் அரசர் தலை இருந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை.

முலாம் பூசியதா என்று அறியத் தராசே போதும். ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து டிஜிட்டல் தராசைப் பூஜ்யமாக்குங்கள். 62 கிராம் கரண்டியை நூலில் கட்டி, அடியில் தொடாமல் முழுக்க மூழ்கவிடுங்கள். தராசு 6 கிராம் காட்டினால், 62ஐ 6ஆல் வகுக்க அடர்த்தி 10.3, அது 92.5 சதவீத வெள்ளிக்கு ஒத்துவரும். 7 கிராமுக்கு மேல் போனால் உள்ளே இருப்பது ஜெர்மன் சில்வர் போன்ற வேறு உலோகம். ஜெர்மன் சில்வரில் செம்பும் நிக்கலும் துத்தநாகமும் உண்டு, வெள்ளி துளியும் கிடையாது.

ஆனால் தராசுக்கு வயது தெரியாது. அதற்கு எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவி வேண்டும். எக்ஸ்ரே பட்டதும் உலோகத்திலுள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் கதிரைத் திருப்பி வீசும். பழைய வெள்ளியை ஈயத்தோடு உருக்கிப் புடம் போட்டுச் சுத்தம் செய்தார்கள். என்ன செய்தாலும் கொஞ்சம் தங்கமும் ஈயமும் தங்கிவிடும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மின்பகுப்பு முறை வந்த பிறகு அந்தக் கசடும் போய்விட்டது. ஆக, 1600ஆம் ஆண்டுக் கரண்டி அப்பழுக்கில்லாமல் இருந்தால் அதுவே சந்தேகத்துக்கு இடம். பற்றவைத்து ஒட்டிய இடத்தில் காட்மியம் என்ற உலோகம் தெரிந்தால் அந்த ஒட்டாவது புதிது. வெள்ளி ஒட்டுக்குக் காட்மியம் சேர்ப்பது 20ஆம் நூற்றாண்டுப் பழக்கம்.

கெட்டிக்காரப் போலிக்காரர் இதையும் தாண்டுவார். 18ஆம் நூற்றாண்டின் சாதாரண அசல் கரண்டியை வாங்கி, குழியை அத்திப்பழ வடிவத்துக்குத் தட்டி, காம்பு நுனியில் இயேசுவின் சீடர் (அப்போஸ்தலர்) ஒருவரின் உருவத்தை ஒட்டி, அதைவிட ஒன்றிரண்டு நூற்றாண்டு பழைய ‘அப்போஸ்தலர் கரண்டி’ ஆக்கிவிடுவார். விக்டோரியா காலத்தில் இந்த வேலை ஏகப்பட்டது நடந்தது. உலோகம் பழையது, முத்திரையும் உண்மை. கருவி என்ன செய்யும்? ஆனால் லண்டன் அப்போஸ்தலர் கரண்டியில் சிறுத்தைத் தலை குழிக்குள் இருக்க வேண்டும். மாற்றிச் செய்ததில் எல்லா முத்திரையும் காம்பிலேயே வரிசையாக நிற்கும், தட்டித் தட்டி நீண்டும் போயிருக்கும்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடப் பிடித்தது தேய்மானம். வலக்கைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகத் தட்டைச் சுரண்டிச் சாப்பிட்ட கரண்டியின் நுனி இடப்பக்கம் தேய்ந்து கோணலாகியிருக்கும். அரம் பிடித்துப் பழசாக்குபவர் இரண்டு பக்கமும் சமமாக ராவிவிடுகிறார்.