பாய்காட்: புறக்கணிப்பா, பகிஷ்கரிப்பா, தடையா?

பினாங்குத் தமிழரிடையே இந்தச் சொல் இரண்டு உருவங்களில் நடமாடுகிறது. ஆங்கிலப் பள்ளியில் படித்த தாத்தா 'பாய்காட்' என்பார். மலாயில் பாடம் படித்து வளர்ந்த பேரன் 'பொய்கோட்' என்பான். உருவம் இரண்டானாலும் ஆள் ஒருவர்தான். ஆள் என்று வாய்தவறிச் சொல்லவில்லை. அது ஒரு மனிதரின் குடும்பப் பெயர். ஆங்கிலத்தில் பையனைக் குறிக்கும் 'பாய்' என்பதற்கும் கட்டிலைக் குறிக்கும் 'காட்' என்பதற்கும் இதில் எந்தப் பங்கும் இல்லை. அப்படிப் பிரித்துப் பொருள் சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கற்பனை வளத்துக்கு மதிப்பெண் கொடுக்கலாம், அவ்வளவுதான்.

சார்லஸ் கன்னிங்காம் பாய்காட் இங்கிலாந்துக்காரர், முன்னாள் படை அதிகாரி. அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில் எர்ன் பிரபு என்ற நிலக்கிழாரின் காரியக்காரராக இருந்தார். குத்தகை வசூலிப்பதும், கட்டாதவர்களை வெளியேற்ற ஆவன செய்வதும் அவர் வேலை. 1880-இல் விளைச்சல் மோசம். குத்தகைக்காரர்கள் 25 விழுக்காடு குறைக்கக் கேட்டார்கள். பிரபு 10 விழுக்காட்டோடு நின்றுவிட்டார். அந்த ஆண்டு செப்டம்பரில் எனிஸ் நகரில் பேசிய பார்னெல் என்ற அரசியல் தலைவர் மக்களுக்கு ஒரு வழி காட்டியிருந்தார்: வெளியேற்றப்பட்டவனின் நிலத்தை எடுத்துக்கொள்பவனை அடிக்க வேண்டாம், கொல்ல வேண்டாம், அவனோடு பேசாதீர்கள், கொடுக்கல் வாங்கல் வைக்காதீர்கள், தொழுநோயாளியைப் போல ஒதுக்கிவிடுங்கள்.

அது முதலில் வந்து விடிந்தது காரியக்காரர் தலையில். வயலாட்கள் நின்றுகொண்டார்கள். வீட்டு வேலைக்காரர்கள் போய்விட்டார்கள். கொல்லர் லாடம் அடிக்க மறுத்தார், சலவைக்காரி துணி எடுக்க வரவில்லை, கடைக்காரர்கள் பொருள் கொடுக்கவில்லை. கடைசியில் வடக்கிலிருந்து 50 ஆட்கள் வந்து, ஏறத்தாழ 1,000 படைவீரர்களும் காவலர்களும் சூழ நிற்க, அவருடைய பயிரை அறுத்துக் கொடுத்தார்கள். சுமார் 500 பவுன் மதிப்புள்ள விளைச்சலைக் காப்பாற்ற 10,000 பவுன் அளவுக்குச் செலவானதாகக் கணக்கிட்டார்கள். ஆண்டு முடிவதற்குள் பாய்காட் ஊரைவிட்டுக் கிளம்பினார்; பெயர் மட்டும் தங்கிவிட்டது. ஒதுக்கிவைப்பதற்கு ஆங்கிலத்தில் ஏற்கெனவே இருந்த கிரேக்க வழிச் சொல் குடியானவர் வாயில் நுழையாது என்று அந்த ஊர்ப் பாதிரியார் ஓமாலி, ஆளின் பெயரையே வினையாக்கிவிடலாம் என்றாராம். சில வாரங்களில் லண்டன் நாளேடுகள் அதை அச்சிட்டன. பிறகு பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானியம், மலாய் என்று பல மொழிகளும் எடுத்துக்கொண்டன.

அன்று பாய்காட்டுக்கு நடந்ததற்குச் சரியான தமிழ் 'புறக்கணிப்பு' ஆகாது. அது 'ஊர்விலக்கு'. நாவிதர் வரக்கூடாது, வண்ணார் வரக்கூடாது, நெருப்பு கொடுக்கக்கூடாது, நல்லது கெட்டதற்கு யாரும் போகக்கூடாது என்று ஊர்க்கூட்டம் விதிக்கும் தண்டனை நமக்கு நன்றாகத் தெரிந்தது. 'தள்ளிவைத்தல்' என்றும் சொல்வோம். பெரும்பாலும் அது சாதிக் கட்டுப்பாட்டைக் காக்க, எளியவர் மீது வலியவர் ஏவியது. அயர்லாந்தில் திசை மாறி, குத்தகைக்காரர் பக்கமிருந்து நிலக்கிழாரின் ஆளை நோக்கிப் பாய்ந்தது. செய்கை ஒன்று, திசை வேறு. இதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் தேவைப்படும்.

ஆளை ஒதுக்குவதிலிருந்து பொருளை ஒதுக்குவதற்குச் சொல் நகர்ந்தது. 1905-இல் வங்கப் பிரிவினையை எதிர்த்து எழுந்த சுதேசி இயக்கம் அந்நியத் துணியை ஒதுக்கியது. அந்தக் காலத் தமிழ் இதழ்கள் 'பகிஷ்காரம்' என்று எழுதின. வடமொழியில் பகிஸ் என்றால் வெளியே. வெளியே ஆக்குவது பகிஷ்காரம். இலங்கைத் தமிழர் இன்றும் 'பகிஷ்கரிப்பு' என்பார்கள்; அங்கே வேலைநிறுத்தம் கூடப் 'பணிப்பகிஷ்கரிப்பு'தான். தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் நிலைத்தது 'புறக்கணிப்பு'. புறம் என்றால் வெளி, முதுகு. புறங்காட்டுதல், புறங்கூறுதல், புறந்தள்ளுதல் எல்லாம் அந்த வழியில் வந்தவை. இதே புறம் 'புறந்தருதல்' என்று வந்தால் சங்க வழக்கில் பேணிக் காத்தல் என்று பொருள். பழைய நூல்களில் புறக்கணித்தல் என்பது அசட்டை செய்தல், பொருட்படுத்தாமை. அதில் போராட்டம் கிடையாது. தலைவன் தலைவியைப் புறக்கணிப்பான், பணக்காரன் ஏழை உறவினனைப் புறக்கணிப்பான். கூட்டாக, அறிவித்து, ஒரு கோரிக்கையோடு விலகி நிற்பது என்ற அரசியல் பொருள் இருபதாம் நூற்றாண்டில் ஏறியது. இரண்டும் இன்றும் ஒரே சொல்லில் குடியிருக்கின்றன. 'அரசு இந்தியர்களைப் புறக்கணிக்கிறது' என்பதில் பழைய பொருள். 'இந்தியர்கள் தேர்தலைப் புறக்கணிக்கிறார்கள்' என்பதில் புதிய பொருள்.

வணிகத்தைப் புறக்கணிப்பது மலாயாத் தமிழருக்குப் புதிதல்ல. தோட்டத்துக் கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பது 1941-இல் கிள்ளான் தொழிலாளர் போராட்டத்தின் கோரிக்கைகளில் ஒன்று. போருக்குப் பிறகு கெடாவில் பீடோங் வட்டாரத்துத் தோட்டங்களில் தொண்டர் படை கிளம்பியது. 1946, 1947-இல் அவர்கள் குடிப்பவரைத் திருத்த முயன்றார்கள், கடை முன்னால் நின்று உள்ளே போகவிடாமல் தடுத்தார்கள். கூலியைப் பிடுங்கிக்கொள்ளும் கடை அது. அவர்கள் கோபம் எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆனாலும் நான் குடிக்கப் போகாமல் இருப்பது புறக்கணிப்பு. நீ போகாதே என்று வாசலில் நிற்பது மறியல். கடைக்காரர்களே கதவைச் சாத்திக்கொள்வது கடையடைப்பு. பினாங்கில் அதை ஹர்த்தால் என்போம். 1967 நவம்பரில் பழைய நாணயத்தின் மதிப்புக் குறைக்கப்பட்டபோது ஜார்ஜ் டவுனில் நடந்தது ஹர்த்தால். பக்கத்துப் பக்கத்து வீட்டுச் சொற்கள்தாம், ஆனால் சுவர் இருக்கிறது.

அந்தச் சுவர் இடிந்துகிடப்பதைப் பார்க்க வேண்டுமானால் தன்பாலினத் திருமணம் பற்றிய வழக்காடலைப் பார்க்கலாம். 2012-இல் ஸ்டார்பக்ஸ் நிறுவனம் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் அத்தகைய திருமணத்துக்கு வழிசெய்யும் சட்டத்தை ஆதரித்தது. எதிர்ப்பாளர்கள் அந்தக் காப்பியைக் குடிக்காதீர்கள் என்றார்கள். அதே ஆண்டில் சிக்-ஃபில்-ஏ என்ற கோழிக்கறி உணவக நிறுவனத்தின் தலைவர் அந்தத் திருமணத்துக்கு எதிராகப் பேச, ஆதரவாளர்கள் அந்தக் கோழியைத் தின்னாதீர்கள் என்றார்கள். பதிலுக்கு அவருடைய பக்கத்தார் ஆகஸ்ட் 1-ஆம் நாளைக் குறித்து, வேண்டுமென்றே போய் வரிசையில் நின்று வாங்கினார்கள். அடுத்த ஆண்டு இத்தாலியில் பரில்லா மாக்கரோனி நிறுவனத்தின் தலைவர், தன்பாலினக் குடும்பத்தை விளம்பரத்தில் காட்டமாட்டோம் என்று வானொலியில் சொல்லிவிட்டு, எழுந்த புறக்கணிப்பைக் கண்டு மன்னிப்புக் கேட்டார். ஆக, சொல் எந்தக் கட்சியையும் சேர்ந்ததில்லை. (ஆதரித்து வாங்குவதற்கு ஆங்கிலத்தில் 'பைகாட்' என்று ஒரு விளையாட்டுச் சொல் உண்டு. தமிழில் 'ஆதரவுக் கொள்முதல்' என்றால் போதும். விளையாட்டு போய்விடும், பொருள் நிற்கும்.)

2017 ஜூலையில் காப்பிச் சண்டை நம் ஊருக்கு வந்தது. இந்தோனேசியாவில் முகமதியா என்ற முஸ்லிம் அமைப்பைச் சேர்ந்தவர்கள் தொடங்கிவைக்க, இங்கே பெர்காசா என்ற மலாய் அமைப்பு ஸ்டார்பக்ஸ் கடைகளுக்குப் போகவேண்டாம் என்று தன் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது. நிறுவனத்தின் தலைவர் ஷூல்ட்ஸ் 2013-இல் பங்குதாரர் கூட்டத்தில் தன்பாலினத் திருமணத்தை ஆதரித்துப் பேசிய பேச்சு மறுபடி பரவியதுதான் காரணம். அந்த அமைப்பின் சமய விவகாரப் பிரிவுத் தலைவர் அத்தோடு நிற்காமல், ஸ்டார்பக்ஸ், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் போன்ற நிறுவனங்களின் வணிக உரிமத்தை அரசு ரத்து செய்ய வேண்டும் என்றும் சொன்னார். ஒரே செய்திக்குள் இரண்டு கோரிக்கைகள். முதலாவது, நான் வாங்கமாட்டேன் என்பது. இரண்டாவது, யாரும் வாங்க முடியாமல் ஆக்கு என்பது. முதலாவதைப் புறக்கணிப்பு என்கிறோம். இரண்டாவது தடை கேட்பது. முதலாவதற்கு என் பணப்பை போதும், இரண்டாவதற்கு அரசாங்கம் வேண்டும். இரண்டையும் 'பொய்கோட்' என்று ஒரு மூட்டையில் கட்டுவது சோம்பல்.

அரசே இறங்கியதற்கும் உதாரணம் இருக்கிறது. 2018 ஆகஸ்டில் ஜார்ஜ் டவுன் விழாக் கண்காட்சியில், பாலினச் சிறுபான்மையர் உரிமைக்குக் குரல் கொடுக்கும் இருவரின் படங்கள் அமைச்சரின் சொல்லால் அகற்றப்பட்டன. 2023 மே மாதம் ஸ்வாட்ச் கடைகளிலிருந்து, பாலினச் சிறுபான்மையரின் அடையாளமான வானவில் நிறக் கடிகாரங்கள் 172 பறிமுதலாயின. ஆகஸ்டில் அவற்றுக்குத் தடையாணையும் வந்தது. 2024 நவம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் பறிமுதல் செய்தவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. இவற்றில் எதையும் புறக்கணிப்பு என்று எழுத இடமில்லை. அகற்றல், பறிமுதல், தடை என்று தமிழில் பச்சையான சொற்கள் இருக்கின்றன.

இன்னொரு குழப்பம், வாங்குபவர் விலகுவதையும் விற்பவர் மறுப்பதையும் ஒன்றாகப் பேசுவது. அமெரிக்காவின் கொலராடோவில் ஓர் ஆண் இணையரின் திருமண விருந்துக்குக் கேக் செய்ய ஒரு கடைக்காரர் மறுத்தார். 2018 ஜூனில் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்று அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஆனால் நீதிமன்றம் சொன்னது, புகாரை விசாரித்த மாநில ஆணையம் அவருடைய சமய நம்பிக்கையை நடுநிலையோடு பார்க்கவில்லை என்ற குறுகிய காரணத்தைத்தான். அதே ஆண்டு அக்டோபரில், தன்பாலினத் திருமணத்தை ஆதரிக்கும் வாசகத்தைக் கேக் மேல் எழுத மறுத்த பெல்ஃபாஸ்ட் கடைக்குச் சாதகமாகப் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வாசகத்தைத்தான் மறுத்தார்கள், வந்தவரை மறுக்கவில்லை என்பது அங்கே வாதம். இந்த இடத்தில்தான் ஊர்விலக்கை நினைவுபடுத்துகிறேன். நாசி கண்டார் கடைக்கு நான் போகாவிட்டால் அவர் அடுத்த வாடிக்கையாளரைப் பார்ப்பார். ஊரிலுள்ள கடைகள் எல்லாம் எனக்குச் சோறு போடமாட்டோம் என்றால் நான் எங்கே போவது? முதலாவதைப் புறக்கணிப்பு என்போம். இரண்டாவதைச் 'சேவை மறுப்பு' என்று எழுதலாம். ஊரே சேர்ந்தால் விலக்கு. கடைக்காரரின் மனச்சான்றையும் வாடிக்கையாளரின் மானத்தையும் எப்படி நிறுப்பது என்று நீதிமன்றங்களே திணறுகின்றன. அகராதி அதைத் தீர்க்காது, ஆனால் யார் யாரை மறுத்தார் என்றாவது காட்டும்.

'தன்பாலினத் திருமணம்' என்ற சொல்லையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நம் நாளேடுகளில் நெடுநாள் ஓடியது 'ஓரினச்சேர்க்கை'. அது உடலுறவை மட்டும் சுட்டுவது. ஒரு வீடு, வாடகை, மருத்துவமனைப் படிவம், சொத்துரிமை எல்லாம் அடங்கிய திருமணத்துக்கு அதை அடைமொழியாக்கினால் கொச்சையாகிவிடும். தமிழ்நாடு அரசு 2022-இல் அரசிதழில் வெளியிட்ட சொற்பட்டியல் 'தன்பாலீர்ப்பு' என்கிறது. அதை ஏற்கலாம். ஏற்பவர் அந்தத் திருமணத்தை ஆதரித்தாக வேண்டும் என்பதில்லை. எதிர்ப்பவரும் எதிர்ப்பதை ஒழுங்கான பெயரால் குறிப்பிடலாம் அல்லவா?

சட்ட நிலை சுருக்கமாக: மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டப்படி, இருவரும் முறையே ஆணும் பெண்ணுமாக இல்லாத திருமணம் செல்லாது. முஸ்லிம்களுக்கு ஷரியா. இந்தியாவின் உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில், அத்தகைய திருமணத்தை ஏற்பது நாடாளுமன்றத்தின் வேலை என்று ஒதுங்கிக்கொண்டது. பினாங்கிலிருந்து சில மணி நேரத்தில் எட்டிவிடும் தாய்லாந்திலோ 2025 ஜனவரி 23 முதல் அத்தகைய திருமணம் சட்டப்படி நடக்கிறது. பாய்காட்டை உலகுக்குத் தந்த அயர்லாந்து, 2015 மே மாதம் பொது வாக்கெடுப்பின் வழியாகவே அதை ஏற்ற முதல் நாடு. 62 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள், மேயோவும் அவர்களோடு சேர்ந்துகொண்டது.

எழுதும்போது கவனிக்க வேண்டியது இன்னும் ஒன்று. ஓர் அமைப்பு அறிக்கை விட்ட அன்றே 'மக்கள் புறக்கணித்தனர்' என்று தலைப்பிடுவது நம் செய்தியாளர்களின் பழக்கம். அறிக்கை என்பது 'புறக்கணிப்பு அழைப்பு'. மக்கள் உண்மையில் விலகினார்களா என்பது கல்லாப்பெட்டிக்குத்தான் தெரியும். 2017-இல் வந்தது அழைப்பு. 2023 அக்டோபரில் காசாப் போர் தொடங்கிய பிறகு அதே ஸ்டார்பக்ஸுக்கு மலேசியாவில் நடந்ததுதான் புறக்கணிப்பு: அந்த ஆண்டின் கடைசிக் காலாண்டில் கடைகளை இங்கு நடத்தும் பெர்ஜாயா ஃபுட் நிறுவனத்தின் விற்பனை, முந்தைய ஆண்டின் அதே காலாண்டோடு ஒப்பிட்டால், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது, நட்டமும் வந்தது. காரணம் புறக்கணிப்புதான் என்று நிறுவனமே அறிவித்தது.